காரின் ஈசிஎம் போய்விட்டதா? சோதிப்பது முதல் மாற்றுவது வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஸ்டார்ட் ஆகலையா? ஈசிஎம் போயிருக்கும்" என்ற தீர்ப்பு நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் மிகச் சுலபமாக வந்துவிடுகிறது. ஈசிஎம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. ஃபியூஸோ எர்த் போல்ட்டோ செய்த கோளாறுக்கு நல்ல ஈசிஎம்-ஐக் கழற்றிப் போடுகிறார்கள். வண்டிக்காரருக்குப் பணமும் போகிறது, கோளாறும் அப்படியே இருக்கிறது. புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்களும் சிறிய ஒர்க்‌ஷாப் நடத்துபவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரு மல்டிமீட்டர், வயர் கட்டிய 21 வாட் பல்பு, லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர், அந்த மாடலுக்குரிய வயரிங் வரைபடம் ஆகிய நான்கும் வேண்டும். வரைபடம் கையில் இல்லாமல் ஈசிஎம் கனெக்டரில் மீட்டரை வைக்காதீர்கள்.

ஈசிஎம் காரில் எங்கே இருக்கும்?

மாடலைப் பொறுத்தது. சில வண்டிகளில் பானெட்டுக்குள் பேட்டரிக்குப் பக்கத்தில், சிலவற்றில் ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டி, சிலவற்றில் டேஷ்போர்டுக்குள் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஈசியூ என்றும் சொல்கிறார்கள். அலுமினியப் பெட்டி, அதில் ஒன்றோ இரண்டோ பெரிய கனெக்டர், அவற்றைப் பூட்ட ஒரு நெம்புகோல் என்று இருந்தால் அதுதான்.

எந்த அறிகுறிகள் இருந்தால் ஈசிஎம் மீது சந்தேகம் வரலாம்?

முதலில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி மீட்டர் போர்டைப் பாருங்கள். செக் இன்ஜின் லைட் எரிந்து நிற்க வேண்டும். அது எரியவே இல்லை என்றால் ஈசிஎம்-க்குக் கரண்ட் வரவில்லை, அல்லது எர்த் இல்லை, அல்லது அது சென்சார்களுக்கு அனுப்பும் 5 வோல்ட் லைன் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது ஈசிஎம் உண்மையிலேயே செத்துவிட்டது. நான்கில் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது இந்த நாலாவதைத்தான்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்பார்க்கும் இல்லை, இன்ஜெக்டர் துடிப்பும் இல்லை என்பது இன்னொரு அறிகுறி. ஸ்கேனரில் ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் பேசுகின்றன, இன்ஜின் மட்டும் பேசவில்லை என்பதும் அப்படியே. சாவி போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் தானாக முழு வேகத்தில் ஓடினாலும் கவனியுங்கள். ஈசிஎம்-இடமிருந்து சிக்னல் வராதபோது ஃபேனை ஓட்டிவிடும் பாதுகாப்பு ஏற்பாடு பல மாடல்களில் உண்டு. இன்ஜின் சூடானபின் நின்று, அரை மணி நேரம் ஆறினால் மறுபடி ஓடும் வண்டியில் ஈசிஎம்-க்கு முன்னால், இன்ஜின் சுற்றுவதை அதற்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சோதியுங்கள். இந்த நடத்தைக்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பாருங்கள். 150 முதல் 300 வரை காட்டினால் ஈசிஎம் உயிரோடு இருக்கிறது, கிராங்க் சென்சார் சிக்னலையும் படிக்கிறது. பூஜ்ஜியம் காட்டினால் சென்சார், அதன் வயர், அதன் கனெக்டர் என்று போங்கள்.

ஸ்கேனரில் பி0606 என்ற கோளாறுக் கோடு (code) வந்திருக்கிறது. நேராக மாற்றிவிடலாமா?

வேண்டாம். பி0601 முதல் பி0607 வரையிலான கோடுகள் ஈசிஎம்-இன் உட்புறத்தைச் சொல்பவைதான். பி0601 நினைவகச் சரிபார்ப்புப் பிழை, பி0604 ரேம், பி0605 ரோம், பி0606 ப்ராசசர். ஆனால் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ் படுத்துவிட்டால் நல்ல ஈசிஎம்-கூட இந்தக் கோடுகளைப் பதிந்துகொள்ளும். கூடவே பி0562 என்ற குறை வோல்டேஜ் கோடு இருந்தால் சந்தேகத்தைப் பேட்டரி பக்கம் திருப்புங்கள். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, எர்த்களைச் சுத்தம் செய்து, கோடுகளை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். வோல்டேஜ் சரியாக இருக்கும்போதே அதே கோடு சாவி போட்டவுடன் திரும்ப வந்தால்தான் அதற்கு மதிப்பு.

யு0100 வேறு வகை. ஈசிஎம்-உடன் பேச முடியவில்லை என்று ஏபிஎஸ் போன்ற மற்ற மாட்யூல்கள் கொடுக்கும் புகார் அது. ஈசிஎம்-க்குக் கரண்ட் போகாவிட்டாலும் அதே கோடுதான் வரும்.

பி0641, பி0651 இரண்டும் சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் லைன்களைப் பற்றியவை. இவற்றைப் பார்த்து ஈசிஎம் மாற்றிய வண்டிகள் ஏராளம். உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் ஷார்ட் ஆன ஒரு சென்சார்.

எந்த வரிசையில் சோதிக்க வேண்டும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இது. அவசரப்படாமல் படியுங்கள்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. வண்டி ஓடும் நிலையில் இருந்தால் டைனமோ சார்ஜிங் 13.8 முதல் 14.5 வரை இருக்கிறதா என்று பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, அது ஈசிஎம்-க்கு எமன். ஸ்மார்ட் சார்ஜிங் உள்ள புதிய வண்டிகளில் ஓடும்போது வோல்டேஜ் ஏறி இறங்குவது இயல்பு. அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து ஃபியூஸ்கள். கண்ணால் பார்த்தால் போதாது. ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் சாவி ஆனில் வோல்டேஜ் வர வேண்டும். ஸ்கேனரே உயிர் பெறவில்லை என்றால் ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 16-வது பின்னில் 12 வோல்ட்டும், 4, 5-வது பின்களில் எர்த்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல மாடல்களில் அந்த 12 வோல்ட், சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் வழியாகத்தான் வருகிறது. மட்டமான போன் சார்ஜர் அந்த ஃபியூஸை எரித்திருக்கும். ஒர்க்‌ஷாப்பில் "ஈசிஎம் பேசல" என்பார்கள்.

இனி ஈசிஎம் கனெக்டர். சாவியை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கனெக்டரைப் பிரித்தபின் நெகட்டிவை மறுபடி மாட்டுங்கள். வரைபடப்படி நேரடி 12 வோல்ட் வரும் பின், இக்னிஷன் பின், மெயின் ரிலே பின், எர்த் பின்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஒரு நூலிழையில் தொங்கும் வயரும் மீட்டரில் 12.5 காட்டும்; லோடு போட்டால்தான் வண்டவாளம் தெரியும். 21 வாட் பல்பின் ஒரு வயரைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, மற்றதை ஒவ்வொரு 12 வோல்ட் பின்னிலும் தொட்டுப் பாருங்கள். பல்பு முழு வெளிச்சத்தோடு எரிய வேண்டும். பிறகு ஒரு வயரைப் பாசிட்டிவில் வைத்து எர்த் பின் ஒவ்வொன்றையும் அதேபோல் சோதியுங்கள். எல்இடி பல்பு வேண்டாம். அது துளி கரண்டிலும் பளிச்சென்று எரிந்து ஏமாற்றும். பல்பை 12 வோல்ட் பின்னிலும் எர்த் பின்னிலும் மட்டும் வையுங்கள், சென்சார் பின்களில் வைக்கக் கூடாது. மீட்டர் முள்ளைப் பெண் டெர்மினலுக்குள் குத்தினால் அது விரிந்துபோகும், அப்புறம் விட்டுவிட்டு வரும் கோளாறு ஒன்றை நீங்களே உருவாக்கியதாக ஆகும். அந்த அளவுக்குப் பொருந்தும் ஆண் டெர்மினல் ஒன்றை வயரில் பற்றவைத்துப் பயன்படுத்துங்கள்.

மெயின் ரிலே பின்னில் பல்பு எரியவில்லை என்று உடனே ரிலேயைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த ரிலேயை இழுப்பதே ஈசிஎம்-தான். கனெக்டர் கழன்று கிடக்கும்போது அது எப்படி இழுக்கும்? ரிலே கன்ட்ரோல் பின்னைச் சிறிய ஃபியூஸ் வைத்த ஒயரால் எர்த் செய்யுங்கள். 'டிக்' என்று ரிலே இழுத்து, அந்தப் பின்னில் பல்பு எரிந்தால் ரிலே, ஃபியூஸ், வயர் மூன்றும் நல்லபடி இருக்கின்றன.

கனெக்டரை மறுபடி மாட்டி, எர்த் வயரின் பின்புறத்திலிருந்து மெல்லிய ஊசிமுனையால் தொட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் அதற்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். சாவி ஆனில், ஹெட்லைட்டும் ஃபேனும் ஓடும்போது 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 0.3, 0.5 என்று வந்தால் எர்த் கெட்டிருக்கிறது. சென்சார்கள் எல்லாம் தாறுமாறாகக் காட்டுவதற்கும், சம்பந்தமில்லாத பத்துக் கோடுகள் ஒன்றாக வருவதற்கும் இது ஒன்றே போதும்.

பிறகு 5 வோல்ட். சாவி ஆனில், இன்லெட் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் கனெக்டரிலோ ஆக்சிலரேட்டர் பெடல் கனெக்டரிலோ 5 வோல்ட் வருகிறதா? 4.9 முதல் 5.1 வரை சரி. பூஜ்ஜியமோ ஒன்றோ காட்டினால் மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு, அந்த லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் எழுந்து நிற்கிறதோ அதுதான் ஷார்ட். ஏ.சி. பிரஷர் சென்சாரை மறக்காதீர்கள். வண்டியின் முகப்பில் கண்டென்சர் பக்கம் இருப்பதால் இன்ஜின் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பல மாடல்களில் அதுவும் இதே 5 வோல்ட்டைத்தான் பகிர்ந்துகொள்கிறது. எல்லாச் சென்சாரையும் கழற்றிய பிறகும் எழவில்லை என்றால் வயர் உரசி பாடியில் ஒட்டியிருக்கலாம். அந்த 5 வோல்ட் வயரை ஈசிஎம் கனெக்டரிலிருந்து பிரித்த பிறகும் ஈசிஎம் 5 வோல்ட் தரவில்லை என்றால்தான் பழி ஈசிஎம் மீது விழும்.

கடைசியாக, மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரு வயர் கேன் லைன். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் 6, 14-வது பின்களுக்கு இடையே ஓம் அளவிடுங்கள். ஏறக்குறைய 60 ஓம் வந்தால் லைனின் இரு முனையிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டும் இணைப்பில் இருக்கின்றன. 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்துக்கு அருகே வந்தால் இரு வயர்களும் ஒட்டியிருக்கின்றன. பல வண்டிகளில் ஒரு ரெசிஸ்டர் ஈசிஎம்-க்குள்ளேயே இருக்கும்; ஈசிஎம்-ஐக் கழற்றியதும் 60 என்பது 120 ஆக மாறுவது அதனால்தான். கேட்வே மாட்யூல் உள்ள புதிய வண்டிகளில் சாக்கெட்டில் இந்தக் கணக்கு பொருந்தாது, வரைபடம் சொல்லும் இடத்தில் அளக்க வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் பேச்சுவார்த்தை 7-வது பின்னில் உள்ள கே-லைனில் நடக்கும்.

கரண்ட், எர்த், 5 வோல்ட், கேன் நான்கும் தேறிய பிறகும் ஈசிஎம் பேசவில்லை என்றால், இப்போது சொல்லலாம், ஈசிஎம் போய்விட்டது என்று.

வண்டி ஓடுகிறது, ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை. இதுவும் ஈசிஎம்-ஆ?

இருக்கலாம். ஈசிஎம்-க்குள் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் இக்னிஷன் காயிலுக்கும் தனித்தனி டிரைவர் டிரான்சிஸ்டர் உண்டு. ஒன்று மட்டும் போகும். பி0302 வந்திருந்தால் இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போடுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான். நகரவில்லை என்றால் பிளக், அப்புறம் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன். எல்லாம் சரி, ஈசிஎம் பின்னிலிருந்து இன்ஜெக்டர் வரை வயரும் சரி, ஆனாலும் துடிப்பு வரவில்லை என்றால் டிரைவர் போயிருக்கிறது. அந்த நிலையில் இன்ஜெக்டரின் ஓம் அளவை அவசியம் பாருங்கள். சாதாரண பெட்ரோல் போர்ட் இன்ஜெக்டர் பெரும்பாலும் 11 முதல் 16 ஓம் இருக்கும். 2, 3 என்று காட்டினால் டிரைவரைக் கொன்றதே அதுதான், அடுத்த ஈசிஎம்-ஐயும் அது கொல்லும்.

டீசல் காமன் ரெயில் வண்டிகளில் இன்ஜெக்டர் வயரை இன்ஜின் ஓடும்போது தொடாதீர்கள், கழற்றாதீர்கள். அதில் வரும் வோல்டேஜ் பேட்டரியைவிடப் பல மடங்கு அதிகம். கைக்கும் ஆபத்து, ஈசிஎம்-க்கும் ஆபத்து.

கடலோரத்தில் வண்டி நிறுத்துவதால் ஈசிஎம் பாதிக்குமா?

ஈசிஎம்-ஐவிட முதலில் பாதிப்பது எர்த்தும் கனெக்டரும். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம், காலாப்பட்டு, ஈசிஆர் ஓரம் என்று கடல் காற்று நேராக அடிக்கும் இடங்களில் நிற்கும் வண்டிகளின் பானெட்டைத் திறந்து, இன்ஜின் பிளாக்கிலோ இன்லெட் மேனிஃபோல்டிலோ போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் எர்த் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். மேலே பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும். கழற்றினால் அடியில் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு, வளையத்துக்கு உட்புறம் கருப்பு. வயரைக் கொஞ்சம் வளைத்தால் உறைக்குள் இழைகள் நொறுங்கும் சத்தம் கேட்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மழை இல்லாத மாதத்திலும் இந்த அரிப்பு நிற்பதில்லை.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வளையத்தையும் அது உட்காரும் இடத்தையும் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை எமரி தாளால் தேய்த்து, இறுக்கி, அதற்கு மேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். இறுக்குவதற்கு முன் தடவ வேண்டாம். இழைகள் பச்சையாகி உள்ளே ஏறியிருந்தால் புது வளையம் அடித்துப் பயனில்லை, நல்ல செம்பு வரும்வரை வெட்டிவிட்டுப் புது வயர் சேர்க்க வேண்டும். கனெக்டருக்கு எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் மட்டும் அடியுங்கள். துரு எடுக்கும் எண்ணெய் ஸ்பிரே அடித்தால் பிசுக்கும் தூசியும் சேர்ந்து பின்களில் படியும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. ஈசிஎம்-ஐக் காப்பாற்ற முடியுமா?

முடியும், ஒரே நிபந்தனையில்: சாவியைத் திருப்பக் கூடாது. 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டத்திலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களிலும் கார்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியதில் கடலூர் பக்கமும் அதே கதை. இப்படி மூழ்கிய வண்டியில் தண்ணீர் வடிந்ததும் "ஓடுதா பார்ப்போம்" என்று சாவி போடுவதுதான் ஈசிஎம்-க்கு வைக்கும் கொள்ளி. நனைந்த போர்டில் கரண்ட் பாய்ந்தால் மின்பகுப்பு தொடங்கி, மெல்லிய செம்புப் பாதைகள் கரைந்து அறுந்துபோகும். கரண்ட் இல்லாமல் நனைந்த போர்டு பல நேரம் பிழைத்துக்கொள்ளும். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு செல்ஃபில் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வண்டியை டோ செய்து கொண்டுபோங்கள். ஈசிஎம்-ஐக் கழற்றி கனெக்டரைப் பாருங்கள். தண்ணீர் பெட்டிக்கு மேலேயிருந்துதான் வரும் என்றில்லை, வயர் உறைக்குள்ளேயே ஏறி வந்து கனெக்டருக்குள் இறங்கும். சேறு இருந்தால் முதலில் டிஸ்டில்டு வாட்டர், பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி மென்மையான பிரஷ்ஷால் கழுவி, நிழலில் ஃபேன் காற்றில் குறைந்தது ஒரு நாள் முழுதாக உலரவிடுங்கள். ஹீட் கன் வேண்டாம். அரிசி மூட்டைக்குள் புதைப்பதும் வீண் வேலை. மூடியைப் பசையால் ஒட்டியிருக்கும் ஈசிஎம்-ஐ வீட்டில் திறக்க முயலாதீர்கள்.

இன்சூரன்ஸ் உள்ளவர்கள் முதலில் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, தண்ணீர் மட்டம் தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீர் புகுந்தபின் ஸ்டார்ட் செய்ததால் வந்த இன்ஜின் சேதத்தைப் பின்விளைவு என்று ஒதுக்குவது வழக்கம். இன்ஜின் பாதுகாப்பு கூடுதல் பாலிசி எடுத்தவர்களுக்கு மட்டும் நிலைமை வேறு.

வேறு எதனால் ஈசிஎம் போகிறது?

ஜம்ப் ஸ்டார்ட்டில் பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றி மாட்டுவது. பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைப்பது. இன்ஜின் ஓடும்போது "டைனமோ டெஸ்ட்" என்று பேட்டரி டெர்மினலைப் பிடுங்குவது. அந்த நொடியில் எழும் வோல்டேஜ் எகிறலைத் தாங்காத போர்டுகள் உண்டு. ஷார்ட் ஆன காயில், இன்ஜெக்டர். சென்ட்ரல் லாக், அலாரம், மியூசிக் சிஸ்டம் மாட்டுபவர் ஈசிஎம் வயரிலிருந்து கரண்ட் எடுப்பது. பானெட்டுக்குள் பிரஷர் வாட்டர் அடிப்பது. எலி கடிப்பது. டேஷ்போர்டுக்குள் ஈசிஎம் உள்ள மாடல்களில் இன்னொன்றும் உண்டு: ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டு கேபினுக்குள்ளேயே சொட்டுவது. இடது பக்கக் கால்மிதி கார்ப்பெட் ஈரமாக இருந்தால் அன்றே பாருங்கள்.

எதனால் போனது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் புது ஈசிஎம்-ஐ மாட்டக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

சோதிக்க இன்னொரு வண்டியின் ஈசிஎம்-ஐ மாட்டிப் பார்க்கலாமா?

கூடாது. இம்மொபைலைசர் (சாவி பொருந்தாவிட்டால் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டி அதில் ஸ்டார்ட் ஆகாது, அதைப் பார்த்துத் தவறான முடிவுக்கு வருவீர்கள். வயரிங்கில் ஷார்ட் இருந்தால் நல்ல ஈசிஎம்-உம் போய், இரண்டு வண்டி நிற்கும்.

புதிது, பழையது, ரிப்பேர்: எதற்குப் போவது?

பணம் இருந்து, வண்டியும் இன்னும் பல ஆண்டு ஓட வேண்டியது என்றால் கம்பெனி டீலரிடம் சேஸிஸ் எண் கொடுத்துப் புதிது வாங்குவதுதான் தலைவலி இல்லாத வழி. புதுச்சேரியிலிருந்து பலர் சென்னை புதுப்பேட்டைக்குப் போய்ப் பழையது வாங்கி வருகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் பாகத்தின் எண் முழுதாக ஒத்துப்போக வேண்டும். போஷ் ஈசிஎம் என்றால் லேபிளில் 0261 என்று தொடங்கும் பத்திலக்க எண் பெட்ரோலுக்கு, 0281 என்று தொடங்குவது டீசலுக்கு. அந்தப் பத்து இலக்கமும், அதோடு கார் கம்பெனியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். "அதே மாடல், அதே வருஷம்" என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். மேனுவல் கியர், ஆட்டோமேட்டிக் வேறு; பிஎஸ்-4, பிஎஸ்-6 என்ற புகை மாசு விதிகளுக்கேற்ப வந்தவையும் வேறு வேறு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த காலத்தை ஒட்டிய வண்டிகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது.

ரிப்பேர் என்பது கோளாறைப் பொறுத்தது. ஒரு டிரைவர் டிரான்சிஸ்டரோ பவர் ரெகுலேட்டரோ போயிருந்தால், திறமையான போர்டு மெக்கானிக் அதை மாற்றித் தருவார். உங்கள் சாவியும் டேட்டாவும் அப்படியே இருக்கும், கோடிங் செலவு இல்லை. ப்ராசசர் போனாலோ, உப்புத் தண்ணீரில் போர்டின் உள்ளடுக்குகள் அரிக்கப்பட்டிருந்தாலோ ரிப்பேர் நிலைக்காது. ஜெல் நிரப்பி, மயிரிழை அலுமினியக் கம்பிகளால் இணைத்த செராமிக் போர்டுகளையும் சாதாரண சால்டரிங்கில் சரிசெய்ய முடியாது.

பழையதை மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது, ஏன்?

இம்மொபைலைசர். சாவியிலுள்ள சிப், அதைப் படிக்கும் மாட்யூல், ஈசிஎம் மூன்றும் ஒரே ரகசிய எண்ணை வைத்திருக்க வேண்டும். மீட்டர் போர்டில் சாவி படம் மின்னுகிறதா என்று பாருங்கள். தீர்வு இரண்டு. ஒன்று, பழைய ஈசிஎம்-ஐ வெற்று நிலைக்குக் கொண்டுவந்து உங்கள் சாவிகளைப் புதிதாகப் பதிவது. இதற்குக் கம்பெனியைப் பொறுத்து ரகசியப் பின் (PIN) எண் தேவைப்படும், கையிலுள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோகாத சாவி பிறகு வேலை செய்யாமல் போகலாம். இரண்டு, குளோனிங்: உங்கள் பழைய ஈசிஎம்-இன் ஃபிளாஷ், ஈஈபிராம் (EEPROM) என்ற இரு நினைவகங்களையும் படித்து அப்படியே மற்றதில் எழுதுவது. பழையதன் நினைவகம் படிக்கும் நிலையில் இருந்தால் எங்கள் சிபாரிசு இரண்டாவதுதான். அதனால் செத்த ஈசிஎம்-ஐ எக்ஸ்சேஞ்சில் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

மாற்றும் வேலையை எப்படிச் செய்வது?

கழற்றும் முன், பழையது பேசுகிறது என்றால் எல்லாக் கோடுகளையும், சேஸிஸ் எண்ணையும், சாஃப்ட்வேர் எண்ணையும், டீசல் என்றால் இன்ஜெக்டர் கோடுகளையும் ஸ்கேனரில் படம் எடுத்து வையுங்கள். இன்ஜெக்டர் கோடு ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்திருக்கும். எந்தச் சிலிண்டருக்கு எது என்று வரிசையோடு எழுத வேண்டும். புகை வடிகட்டி உள்ள டீசல் வண்டியில் அதில் சேர்ந்த கரியின் கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாவி ஆஃப் செய்து ஐந்து நிமிடம் விட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மறுபடி ஐந்து நிமிடம் விடுங்கள். டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிய மாடலில் ஏர்பேக் மின்சாரம் வடியவும் இந்த நேரம் வேண்டும். கனெக்டர் நெம்புகோலை முழுதாகத் திறந்தபின்தான் இழுக்க வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உறை உடையும். புதிய ஈசிஎம்-இன் பின்களைத் தொடாதீர்கள். பாடியின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் பெட்டியைப் பிரியுங்கள், உடலிலுள்ள நிலைமின்சாரம் போகும். கனெக்டரில் ஒவ்வொரு டெர்மினலும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, ரப்பர் சீல் கிழியாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். சீல் கிழிந்திருந்தால் சீல்தான் மாற்ற வேண்டும். கடையில் விற்கும் சாதாரண சிலிகான் பேஸ்ட்டை அப்பாதீர்கள்; புளிப்பு நெடி வரும் அந்த வகை உலரும்போது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும்.

பேட்டரி மாட்டியதும் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். செக் இன்ஜின் லைட் எரிகிறதா, ஸ்கேனர் பேசுகிறதா, 5 வோல்ட் வருகிறதா? வந்தால் சாஃப்ட்வேர் ஏற்றுவது, சேஸிஸ் எண் எழுதுவது, சாவி பதிவது, இன்ஜெக்டர் கோடு ஏற்றுவது என்று போகலாம். சாஃப்ட்வேர் ஏற்றும்போது சீராக 13 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும் சப்போர்ட் சப்ளை பேட்டரியில் மாட்டியிருக்க வேண்டும், ஏ.சி., லைட், ஃபேன் எதுவும் ஓடக் கூடாது. பாதியில் வோல்டேஜ் விழுந்தால் புது ஈசிஎம் கல்லாகிவிடும். லேப்டாப் சார்ஜரும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும், நம் ஊர் மின்வெட்டுக்குச் சொல்லவா வேண்டும்.

முடிவில், புது ஈசிஎம் இந்த வண்டியின் அளவுகளைக் கற்றுக்கொள்ள த்ராட்டில் லேர்னிங், ஐடில் லேர்னிங், மாடல் கேட்டால் கிராங்க் சென்சார் லேர்னிங். இவற்றைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்தால் ஐடிலில் ஏறி இறங்கும், சிக்னலில் நின்றுபோகும். ஈசிஎம் சரியில்லை என்று வண்டி திரும்ப வரும்.

மாற்றிய பிறகும் அதே கோளாறு. இப்போது என்ன?

ஈசிஎம் பழுதாகவே இருந்திருக்காது. மேலே சொன்ன வரிசையை எர்த்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். கனெக்டர் மாட்டிய நிலையில் வயர் கொத்தை மெல்ல அசைத்து, லைவ் டேட்டாவில் எந்த மதிப்பு துள்ளுகிறது என்று பாருங்கள்.

வண்டிக்காரர் ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

கழற்றிய ஈசிஎம்-ஐத் திரும்பக் கேளுங்கள். எந்தச் சோதனையில் பழுது என்று முடிவானது, எர்த்தில் எத்தனை வோல்ட், 5 வோல்ட் லைனில் எவ்வளவு என்று ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாகம், கோடிங், சாவி பதிவு, லேபர் என்று பில்லைத் தனித்தனியாக வாங்குங்கள். பழைய ஈசிஎம் என்றால் உத்தரவாதம் எத்தனை நாள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

ஐப்பசி மழைக்கு முன் என்ன பார்த்து வைக்கலாம்?

வைப்பருக்குக் கீழே உள்ள தட்டில் சேர்ந்த வேப்பிலையையும் சருகையும் அள்ளிவிட்டு, அதன் இரு ஓரத்திலும் உள்ள வடிகால் ஓட்டையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அது டயருக்குப் பின்னால் தரையில் விழ வேண்டும். ஏ.சி.யைப் பத்து நிமிடம் ஓட்டி, வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். ஈசிஎம் கனெக்டர் நெம்புகோல் முழுதாகப் பூட்டியிருக்கிறதா, எர்த் போல்ட்டுகள் சுத்தமா, பேட்டரி கிளாம்ப் கையால் திருப்பினால் சுழலாமல் இருக்கிறதா என்று ஒரு பார்வை. மழை எச்சரிக்கை வந்து உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தால், வண்டியை மேடான இடத்தில் விட்டுவிட்டு வாருங்கள். அதற்கு வழியில்லை என்றால் தண்ணீர் ஏறும் முன்பே பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும் பெரும்பாலான வண்டிகளுக்கு.